ஒல்லி மிதவை மீதான விசாரணை

கடல் என்ன நிறம் என்று குழந்தையைக் கேட்டால், நீலம் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். அதே கேள்வியைக் கடல் நிற ஆய்வுக் கழகத்தில் கேட்டால், கேட்டவர் எந்தப் பிரிவு என்று முதலில் விசாரிப்பார்கள். கீழ்த்தளத்தில் ஒரு நிறம் சொல்வார்கள், மேல்மாடியில் வேறு நிறம். நடுமாடியில் கேட்டால் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை என்பார்கள்.

மேல்மாடியில் இருப்பது செயற்கைக்கோள் பிரிவு. அந்தச் செயற்கைக்கோள் தினமும் நடுப்பகலில் கடலுக்கு மேலே பறந்து தண்ணீரின் நிறத்தைப் பார்க்கும். தண்ணீர் பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே நுண்பாசி இருக்கிறது என்று அர்த்தம். பாசி இருந்தால் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன் வரும், பெரிய மீனைத் தேடிப் படகு வரும். படகுக்காரர்களுக்காகக் கழகம் நாள்தோறும் ஒரு வரைபடம் வெளியிடுகிறது. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படுவதில் பெரும்பங்கு காற்றும் தூசியும்தான். கடலின் நிறம் கொசுறாகத்தான் கிடைக்கும். அதனால் கடலிலேயே ஒரு மிதவையைப் போட்டு, உண்மை நிறத்தை அளந்து, நீ பார்த்தது இவ்வளவு தப்பு, திருத்திக்கொள் என்று செயற்கைக்கோளுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒரு காரியத்துக்காகவே ஏற்பட்ட மிதவைப் பிரிவைக் கீழ்த்தளத்தில் கழிப்பறைக்கு எதிரே வைத்திருந்தார்கள்.

பழைய மிதவையைப் பீப்பாய் என்று கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற உடம்பு. எந்தத் தண்ணீரை அளக்கிறதோ அந்தத் தண்ணீர் மேலேயே அதன் நிழல் விழும். போதாக்குறைக்கு அளக்கும் கண்ணில் பாசி பிடித்துவிடும். பிறகு பார்த்த இடமெல்லாம் பாசி என்று சொல்லிக்கொண்டிருக்கும். செயற்கைக்கோளும் ஏறக்குறைய அதையே சொல்லிவந்ததால், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று கழகத்தில் பீப்பாய்க்கு நல்ல பெயர்.

ஒத்துப்போகாதவர் ஒருவர் கழிப்பறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மிதவைகளை வடிவமைப்பவர். கழகத்தில் எல்லோரும் மிதவை மேடம் என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருடைய அண்ணன் சொந்தப் படகு வைத்து மீன் பிடிப்பவர். தங்கை வேலை பார்க்கும் இடம் என்ற ஒரே காரணத்துக்காகக் கழகத்தின் வரைபடத்தை நம்பிப் போவார், ஐஸ் பெட்டியில் ஐஸோடு மட்டும் திரும்பி வருவார்.

"பாப்பா, உங்க ஆபீஸ் படம் பச்சையா இருக்கு, கடல் நீலமா இருக்கு. நான் எதுல வலை போடறது?" என்று ஒருநாள் கேட்டார். நாற்பது வயதுத் தங்கையும் அண்ணனுக்குப் பாப்பாதான்.

"புது மிதவை இறங்கட்டும் அண்ணா. அப்புறம் படத்தை நம்பிப் போங்க. நான் பொறுப்பு."

அந்த 'நான் பொறுப்பு' என்ற இரண்டு வார்த்தைக்காக மேடம் பல வருடம் உழைத்தார். ஒல்லியான ஒரு கம்பம், அதிலிருந்து வெயில் பக்கமாக நீளும் மெல்லிய கைகள், கைகளின் நுனியில் கண்கள். வானத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று ஒரு கண் மேலே பார்க்கும். தண்ணீரிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு கண் கீழே பார்க்கும். பாசி பிடிக்காமலிருக்கக் கண்களுக்குச் செம்பில் இமைகள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் மட்டும் இமைகள் தாமாகத் திறந்து, அளந்ததை எண்ணாக அனுப்பிவிட்டு மூடிக்கொள்ளும். எந்தக் கண்ணிலும் மிதவையின் நிழல் விழாது. அதற்கு ஒல்லி என்று பெயர் வைத்தார்.

வடிவமைப்புக் குழு கூடியது. ஒல்லியின் படத்தை எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"சுத்துச்சுவர் எங்க?" என்று கேட்டார் பாதுகாப்பு அதிகாரி. "சுவர் இல்லாத சொத்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. அதுலயும் செம்பு வேற வச்சிருக்கீங்க."

விளம்பர அதிகாரி பெயர்ப்பலகை கேட்டார். விமானத்தில் போகிறவர்கள் படிக்கும் அளவுக்கு இருந்தால் போதுமாம், அவருக்குப் பேராசை இல்லை. திறப்பு விழாவுக்கு வரும் விருந்தினர்கள் வெயிலில் நிற்கக்கூடாது என்பதால் மிதவைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்றார் இயக்குநர்.

"சார், நிழல் விழக்கூடாதுன்னுதான் இதை இவ்வளவு ஒல்லியா பண்ணியிருக்கேன்," என்றார் மேடம்.

இயக்குநர் வருத்தத்தோடு சிரித்தார். "நீங்க நிழலைக் கெட்டதாப் பாக்கறீங்க. பெரிய நிறுவனம்னா நாலு பேருக்கு நிழல் தரணும். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து யாரோ ஒருத்தர் நிழல்லதான் இருந்திருக்கேன். அதனாலதான் இன்னிக்கு இந்த நாற்காலில இருக்கேன்."

மேடத்துக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் அன்றைக்கு அவருக்கு நல்ல புத்தி எங்கிருந்தோ வந்தது. சுவர், பலகை, கூரை எல்லாம் மிகவும் முக்கியமானவை என்றும், அவ்வளவு முக்கியமானவற்றை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது என்றும், ஆகவே அவற்றை இரண்டாம் கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கழகத்தின் சின்னத்தை மட்டும் கம்பத்தின் அடியில், தண்ணீருக்குள்ளே பொறித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். யார் பார்ப்பார்கள் என்று விளம்பர அதிகாரி கேட்டதற்கு, மீன்கள் என்று பதில் சொன்னார். கடைசிப் பயனாளி வரைக்கும் கழகம் போய்ச் சேர்கிறது என்று இயக்குநர் நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

ஒல்லி கடலில் இறங்கியது. முதல் நடுப்பகலில் இமையைத் திறந்து பார்த்தது. கடல் நீலம், செயற்கைக்கோள் சொல்லும் பச்சையில் பாதிக்கு மேல் காற்றின் வேலை என்று எண்ணை அனுப்பியது. மறுநாளும் அதையே சொன்னது, அதற்கு மறுநாளும் அதையே. மேடம் சந்தோஷத்தில் அண்ணிக்குப் போன் செய்து, இன்னும் கொஞ்ச நாளில் படம் சரியாகிவிடும் என்று சொல்லிவைத்தார்.

மேல்மாடியில் அதை யாரும் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. செயற்கைக்கோள் பிரிவின் தலைவர் முகம் சிவக்க இறங்கி வந்தார். அவர் மாடிப்படியில் இறங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் கழகமே எழுந்து நின்றது.

"எங்க செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்துல இருக்கு, இது எவ்வளவு உயரத்துல இருக்கு?" என்று கேட்டார். "இது கடல் மட்டத்துல இருக்கு. அதுக்குக் கீழ ஒரு பதவியே கிடையாது. இது போய் அதைத் தப்புன்னு சொல்லுதா? அதுவும் நேரடியா?"

"சொல்றதுக்குத்தான் சார் போட்டோம்," என்றார் மேடம்.

"சொல்லட்டும். வேண்டாம்னு சொல்லல. உரிய வழியில சொல்லட்டும். மொதல்ல உங்ககிட்ட சொல்லணும், நீங்க நடுமாடிக்கு எழுதணும், அவங்க எனக்கு அனுப்பணும், நான் பாத்துட்டு அப்படியெல்லாம் இல்லைன்னு எழுதுவேன். முடிஞ்சு போச்சு. இதுல அவமானம் எங்க வருது? யாருக்கும் வராது."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற சட்டம் எந்த அலுவலகத்திலும் எழுதி ஒட்டப்படுவதில்லை. அமலில் மட்டும் இருக்கிறது. அன்று மாலையே மிதவைக்கு மெமோ தயாரானது. மூத்த கருவியின் கருத்துக்கு மாறாகத் தொடர்ந்து எண்கள் அனுப்பிய நடத்தைக்காக ஒல்லியின் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தருக. கழகத்தின் படகோட்டி கடலுக்குப் போய் அதைக் கம்பத்தில் ஒட்டிவிட்டு வந்தார். ஒரு வாரம் ஆகியும் பதில் வரவில்லை. எண்கள் மட்டும் முன்போலவே வந்தன. திமிர் என்று மேல்மாடியில் சொன்னார்கள்.

ஆகவே நேரில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒல்லியைக் கடலிலிருந்து தூக்கி, லாரியில் ஏற்றி, கழகத்தின் கூட்ட அறைக்குக் கொண்டுவந்தார்கள். தரையில் நிறுத்தினால் கூரை இடித்தது. ஆகவே நீண்ட மேசையின் மேல் சாய்த்துவைத்து, கைகள் தொங்காமல் புத்தகங்களை அடைகொடுத்தார்கள். மேசையில் அடர்ந்த பச்சை விரிப்பு. மேலே வரிசையாகக் குழல்விளக்குகள். மேல் பார்க்கும் கண் விளக்கைப் பார்த்தது, கீழ் பார்க்கும் கண் விரிப்பைப் பார்த்தது.

"சார், இதை அணைச்சு வைக்கணும்," என்றார் மேடம். "நடுப்பகலானா இது தானாக் கண்ணைத் திறந்து அளந்து அனுப்பிடும்."

"விசாரணை முடியற வரைக்கும் எந்த பொத்தான்லயும் கை வைக்கக்கூடாது. சாட்சியத்தைக் கலைக்கறதா ஆயிடும்," என்றார் விசாரணைக் குழுத் தலைவர். புகார் கொடுத்த மேல்மாடித் தலைவரே குழுவுக்கும் தலைவர். நடந்தது என்ன என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அவரைப் போட்டிருந்தார்கள்.

விசாரணை தொடங்கியது. பெயர் என்ன என்று கேட்டார். சுருக்கெழுத்தர் 'பதிலில்லை' என்று எழுதிக்கொண்டார். செய்த காரியத்துக்கு வருத்தம் உண்டா என்று கேட்டார். 'பதிலில்லை.' யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு மேடத்தைப் பார்த்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது நடுப்பகல் ஆனது. செம்பு இமைகள் மெல்லத் திறந்தன. ஒல்லி பச்சை விரிப்பை நிதானமாகப் பார்த்து, எண்ணை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

மேல்மாடியிலிருந்து ஒருவர் ஓடிவந்து தலைவரிடம் சீட்டைக் கொடுத்தார். தலைவர் படித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பச்சைன்னு சொல்லுது. நம்மளைவிட அதிகமாப் பச்சைன்னு சொல்லுது," என்றார். "பாருங்க, நல்ல பிள்ளைதான். கடல்ல தனியா கிடந்து கெட்டுப்போயிருந்திருக்கு. நாலு பெரியவங்க நடுவுல உக்கார வச்சதும் ஒரே நாள்ல திருந்திடுச்சு."

"சார், அது மேசைவிரிப்பு."

"அந்த விரிப்பு தரச்சான்று வாங்கினது, மேடம். கடலுக்கு அந்த மாதிரி எந்தச் சான்றும் கிடையாது."

ஒல்லி குற்றமற்றது என்றும், அதன் நல்லொழுக்கம் தொடரக் கூட்ட அறையிலேயே நிரந்தரமாகப் பணியாற்றலாம் என்றும் இடைக்கால உத்தரவு போட்டார்கள். மிதவை சொல்லும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று வரலாற்றிலேயே முதன்முறையாக மேல்மாடி சம்மதித்தது. மறுநாள் வெளியான வரைபடத்தில் கடல் கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம்வரை பச்சைப்பசேலென்று இருந்தது. கழகத்தின் முயற்சியால் கடல் செழித்துவிட்டது என்று இயக்குநர் நிருபர்களிடம் அடக்கமாகச் சொன்னார்.

மேடம் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"படம் பாத்தேன் பாப்பா. உன் மிதவை வேலையைக் காட்டிடுச்சு போல. ஆழ்கடல் முழுக்கப் பச்சை. நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம்."

"போகாதீங்க அண்ணா. அது கடல் இல்ல. மேசைவிரிப்பு."

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா பாப்பா? சரியாத் தூங்கறியா?" என்றார் அண்ணன் பரிவாக. அதற்குள் படகு தொலைவுக்குப் போய்விட்டதால் பேச்சு அறுந்தது.

படகுகள் எல்லாம் வழக்கத்தைவிட வெகுதூரம் போய் வெறுங்கையோடு திரும்பின. இந்தத் தடவை அண்ணி போன் செய்தார்.

"உங்கண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லல. திட்டிட்டா கூடத் தேவலை. கூடப் போனவங்க எல்லாம் இவர் பேச்சைக் கேட்டுப் போனவங்க. என் தங்கச்சி செஞ்ச கருவின்னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்காரு. இப்ப என்னடான்னா, பாப்பாவோட மிதவை சொன்னா சரியாத்தான் இருக்கும், மீன்தான் நகந்து போயிருக்கும்னு மறுபடி கிளம்பறாரு. இன்னும் தூரமாம். எனக்குப் பயமா இருக்கும்மா."

மேடம் எதிரே இருந்த கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இதுவரை இந்தக் கழகத்தில் உண்மையைச் சொல்லி எந்தக் காரியம் நடந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நடந்தது எல்லாம் சின்னத்தை மீன்களுக்குக் காட்டுகிறேன் என்று சொன்னபோதுதான். துடைத்துக்கொண்டு நேரே கூட்ட அறைக்குப் போனார். இறுதி உத்தரவு எழுதக் குழு அங்கே கூடியிருந்தது, இயக்குநரும் வந்திருந்தார்.

"சார், விசாரணையில ஒரு குறை இருக்கு," என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். விசாரணையில் குறை என்றால் விசாரணை நீளும். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

"செயற்கைக்கோள் தப்புப் பண்ணல."

"பண்ணாது," என்றார் மேல்மாடித் தலைவர்.

"மிதவையும் தப்புப் பண்ணலன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஆனா கடல்ல இருந்தப்போ ரெண்டுக்கும் ஒத்துப்போகல. அப்போ சம்பவ இடத்துல மூணாவதா ஒருத்தர் இருந்திருக்கார். அவரை யாருமே விசாரிக்கல."

"யாரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் இயக்குநர்.

"கடல்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த அறையில் இருந்தவர்கள் பல வருடங்களாக ஆடியவர்கள். கூடத்தைக் குறை சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஒருவர் எடுத்துச் சொன்னார். முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன.

"எனக்கு ரொம்ப நாளாவே அது மேல ஒரு சந்தேகம்," என்றார் மேல்மாடித் தலைவர். "ஒரு நாள் இருக்கற மாதிரி மறுநாள் இருக்கறதில்லை. கட்டுப்பாடே கிடையாது."

"அதான் சார். செயற்கைக்கோள் சரியாத்தான் பாக்குது. அது பாக்கற நேரத்துல கடல் தன்னோட நிறத்துல இருக்கறதில்லை. எவ்வளவு தப்பான நிறத்துல இருக்குன்னு தினமும் குறிச்சு, அதைக் கடற்பிழைன்னு படத்துலேர்ந்து கழிச்சுட்டா நம்ம மேல பழி வராது."

"குறிக்கறது யாரு?"

"சம்பவத்தை நேர்ல பாத்த ஒரே சாட்சி மிதவைதான் சார். சாட்சியைச் சம்பவ இடத்துலேர்ந்து நகத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் அது கடல்லயே இருக்கணும். அது மேல யாரும் கை வைக்கக்கூடாது. சுவர், பலகை, கூரை எதுவும் வைக்கக்கூடாது. சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிடும்."

இயக்குநர் எழுந்து நின்று, கழகத்தின் நீண்ட வரலாற்றில் கடலையே தட்டிக்கேட்கும் துணிவு இப்போதுதான் வந்திருக்கிறது என்று பேசினார். பேச்சு முடிவதற்குள் லாரிக்குச் சொல்லியாயிற்று.

அண்ணன் கிளம்புவதற்குள் ஒல்லி கடலில் இறங்கி நடுப்பகலில் கண்ணைத் திறந்தது. செயற்கைக்கோள் சொன்ன பச்சையிலிருந்து காற்றின் பங்கு கழிந்தது. அது காற்று என்று யாரும் சொல்லவில்லை. கடற்பிழை என்றே எழுதினார்கள். மறுநாள் 'கடற்பிழை நீக்கிய வரைபடம்' வெளியானது. கடல் முழுக்க நீலம். ஒரு மூலையில், கரைக்குப் பக்கத்திலேயே, சின்னதாக ஒரு பச்சைக் கீற்று.

"இதையும் விரிப்புன்னு சொல்லப்போறியா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணா. இது கடல். போங்க."

அண்ணனும் கூட்டாளிகளும் போனார்கள். சாயங்காலம் அண்ணியின் போனில் பேச்சே காதில் விழவில்லை, பின்னால் பெட்டிகளை இழுக்கும் சத்தமும் ஆட்கள் சிரிக்கும் சத்தமும்தான் கேட்டது. மேடம் போனைக் காதிலேயே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் விசாரணை என்று ஒன்று தொடங்கிவிட்டால் அதற்குரிய முறைகள் நடந்தாக வேண்டும். கடலுக்கு மெமோ தயாரானது. கழகத்தின் படகோட்டி கொண்டுபோக மறுத்துவிட்டார். மிதவையில் ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினேன், கடலில் எந்த இடத்தில் ஒட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் வெளிப்படகு ஒன்றை அமர்த்தினார்கள், அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்று அண்ணனின் படகையே அமர்த்தினார்கள்.

மெமோவைச் சேர்த்துவிட்டு வந்த அண்ணனைக் கூட்ட அறையில் நிற்கவைத்தார்கள். மேசையின் அந்தப் பக்கம் குழு, இந்தப் பக்கம் மேடம். சுருக்கெழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"கடல்கிட்ட கடிதத்தைக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"குடுத்தேங்க."

"வாங்கிச்சா?"

"வாங்கிக்கிச்சுங்க. எங்க போட்டேன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள உள்ள எடுத்துக்கிச்சு."

"ஏதாவது சொல்லிச்சா?"

அண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்னு சொன்ன மாதிரி இருந்துதுங்க."

இயக்குநர் திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார். "சரி. அவசரம் இல்லை. கடல் எழுத்துப்பூர்வமா பதில் தர்ற வரைக்கும் விசாரணை நிலுவையில இருக்கட்டும். அதுவரைக்கும் சாட்சி இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

மேடம் சுருக்கெழுத்தர் பக்கம் குனிந்து, அந்தக் கடைசி வரியை விட்டுவிடாமல் அப்படியே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார்.